தலைசுற்றல்காரி கம்சாய்

வடக்குத் தாய்லாந்தில் லம்பூன் ஊருக்கு வெளியே, லிச்சி மாதிரியான லோங்கன் பழத்தை உரித்துக் கொட்டை நீக்கி டின்னில் அடைக்கிற தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. அங்கே போய் "கம்சாய் யாரு?" என்று கேட்டால் நாலைந்து பேரைக் காட்டுவார்கள். "தலைசுத்தல் கம்சாய்" என்று கேட்டால் ஒரே ஒருத்தியைத்தான் காட்டுவார்கள். பதினோரு வருடம் அவளோடு ஒட்டியிருந்த பெயர். அதை அவளுக்கு வேறு யாரும் வைக்கவில்லை, அவளே வைத்துக்கொண்டாள்.

பதினொன்றரைக்குச் சாப்பாட்டுச் சங்கு ஊதும். ரப்பர் பூட்ஸும் முடியை மூடுகிற தலைவலையுமாகப் பெண்கள் கேன்டீனுக்குள் வந்து விழுவார்கள். கம்சாய் தட்டை எதிரில் வைப்பாள். சட்டைப்பையிலிருந்து சுண்டுவிரல் நீளத் தைலக்குழாயை எடுத்து மூக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். பத்து மூச்சு. அப்புறம் குழாயை மூடிப் பையில் போட்டுவிட்டு, ஒட்டரிசிச் சோற்றை உருட்டிப் பச்சைமிளகாய்த் துவையலில் தொட்டுச் சாப்பிட ஆரம்பிப்பாள். இதைப் பார்த்து யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். அந்த ஊரில் தைலக்குழாய் இல்லாத சட்டைப்பையே கிடையாது. பஸ் ஓட்டுகிறவர்கூட ஒரு கையால் மோந்துகொண்டேதான் வளைவில் திருப்புவார்.

ஆனால் கம்சாய்க்குத் தலைசுற்றல் கிடையாது. ஒருநாளும் இருந்ததில்லை. அந்தப் பத்து மூச்சும் ஜெபம். "ஆண்டவரே, இந்தச் சாப்பாட்டுக்காக ஸ்தோத்திரம்" என்று மனசுக்குள் தொடங்கி ஆமென் வரைக்கும் ஓட்டிவிடுவாள், உதடு அசையாமல்.

அவள் பிறந்த கிராமத்தில் எல்லாரும் கிறிஸ்தவர்கள். சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடுவது அங்கே கை கழுவுகிற மாதிரி. லாரி ஓட்டுகிற வின்னைக் கட்டிக்கொண்டு லம்பூனுக்கு வந்த பிறகுதான், உலகத்தில் பெரும்பாலான ஆட்கள் கண்ணைத் திறந்துகொண்டே சாப்பிட உட்காருகிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பழக்கதோஷத்தில், கேன்டீனில் தட்டுக்கு முன்னால் கைகூப்பிக் கண்ணை மூடிவிட்டாள். சூப்பர்வைசர் உதோம் அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார். வாய் சும்மா இருக்காத மனிதர்.

"என்ன தங்கச்சி, சோத்துக்குக் கும்பிடு போடுற? நம்ம கேன்டீன் சமையல் அவ்வளவு பயமாவா இருக்கு?"

கேன்டீனே கொல்லென்று சிரித்தது. யாரோ ஒருத்தி, "சோத்துக்குள்ள சாமி இருக்காம்டீ, பாத்து மெல்லணும்" என்றாள். இன்னும் சிரிப்பு. கம்சாய்க்குக் காதுமடல் வரைக்கும் சூடேறிவிட்டது. நான் கிறிஸ்டியன், ஜெபம் பண்ணினேன் என்று சொல்லியிருக்கலாம். நாலே நாலு வார்த்தை. அவள் வாயில் வந்தது வேறு.

"இல்லண்ணே. கொஞ்சம் தலை சுத்துது."

சிரிப்பு நின்றது. எதிரில் உட்கார்ந்திருந்தவள் அவசர அவசரமாகத் தன் சட்டைப்பையைத் துழாவி ஒரு தைலக்குழாயை எடுத்து அவள் கையில் திணித்தாள். "இந்தா, நல்லா இழுத்து மோந்து பாருடி. கண்ணை மூடிக்க. வெறும் வயித்தோட வந்தியா? புதுசா வர்றவளுக எல்லாம் இப்படித்தான்." அவள் பெயர் சுபின். கம்சாயைவிட நாலு வயது மூத்தவள். அன்றைக்குக் கண்ணை மூடி, சுபின் கொடுத்த குழாயை மூக்கில் வைத்துக்கொண்டு, கம்சாய் விட்ட இடத்திலிருந்து ஜெபத்தை முடித்தாள். பொய்யும் சிநேகிதமும் ஒரே நிமிஷத்தில் பிறந்தன.

அவளை யாரும் அடிக்கவில்லை, வேலையை விட்டு அனுப்பிவிடுவோம் என்று மிரட்டவில்லை. ஒரு தரம் சிரித்தார்கள், அவ்வளவுதான். அந்த ஒரு சிரிப்புக்குப் பயந்து பதினோரு வருடம் ஒருத்தி மூக்கில் தைலம் மோந்தாள் என்றால் கேட்கிறவர்களுக்கே சிரிப்பு வரும். அவளுக்கும் அது தெரியும். தெரிந்ததனால்தான் பிற்பாடு சொல்ல முடியாமல் போயிற்று. முதல் நாள் சொல்வதற்கு ஒரு நொடி வெட்கம் போதும். இரண்டாம் வருடம் சொல்வதற்கு, முதல் வருடம் பூராவும் ஏமாற்றினேன் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பொய் தானாகவே வளர்ந்தது. வருடப் பிறப்பன்று தொழிற்சாலை வாசலில் இருக்கும் காவல் தெய்வத்தின் குட்டி வீட்டுக்குப் படையல் நடக்கும். பன்றித்தலை, பழம், ஸ்ட்ரா சொருகின சிவப்பு சோடா பாட்டில், ஆளுக்கு மூன்று ஊதுபத்தி. "அண்ணே, புகை பட்டா எனக்குத் தலை சுத்தும்" என்று கம்சாய் ஓரமாக நின்றுகொள்வாள். எல்லாரும் அனுதாபப்பட்டார்கள். பழ சீசனில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு. "டாக்டர் வாரம் ஒரு நாள் ஓய்வு எடுக்கச் சொல்லியிருக்கார்" என்றாள். அந்த ஞாயிறுகளில் அவள் இடத்தில் நின்று பழம் உரித்தது யார் தெரியுமா? சுபின்தான். "நீ போய்ப் படு. உன் பங்கையும் நான் உரிச்சுத் தள்ளிடறேன். இந்தக் கை என்ன, சும்மா ராட்டினம் மாதிரி ஓடும்" என்று அனுப்பி வைப்பாள். அங்கே சுபின் இரண்டு ஆள் வேலையை நின்றுகொண்டு செய்வாள். இங்கே கம்சாய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சபையில் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நிற்பாள்.

சபையில் அவளுக்கு நல்ல பெயர். அதையும் சொல்லியாக வேண்டும். வருடத்துக்கு ஒரு தரம் போதகர் எழுந்து, "நம் சகோதரி கம்சாய், நானூறு பேர் வேலை செய்கிற இடத்தில் தன்னந்தனியாக ஆண்டவருக்குச் சாட்சியாக நிற்கிறார்" என்பார். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். கழுத்தில் கிடக்கும் சிலுவைச் சங்கிலி ஞாயிறு சாயங்காலமே சோப்பு டப்பாவுக்குள் போய்விடும் என்பது வின்னுக்கு மட்டும்தான் தெரியும். அவர் வாயே திறக்காத ஆள்.

சுபினுடைய முடியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கதை நகராது. அவிழ்த்து விட்டால் முழங்காலைத் தொடும். தேங்காயெண்ணெய் தடவி, முறுக்கிச் சுருட்டி, மற்றவர்களுக்கு ஒரு தலைவலை என்றால் அவளுக்கு இரண்டு. "உன் ஒருத்திக்கே கம்பெனி திவாலாயிடும் போல" என்று உதோம் கிண்டல் பண்ணுவார். "உங்க மண்டையில இருந்ததெல்லாம் எனக்கு வந்துடுச்சுண்ணே, என்ன பண்றது" என்று சுபினும் விட மாட்டாள். உதோமுக்கு முன்வழுக்கை. தோள்வரைக்கும் வெட்டிக்கொள் என்று அவள் புருஷன் சொன்னால்கூட, "வீட்டை வேணா வித்துடு, இதைத் தொடாதே" என்பாள்.

பதினோராவது வருடம் சித்திரை வெயிலில், வின் ஓட்டிப்போன லாரி மலைப்பாதையில் கவிழ்ந்தது என்று செய்தி வந்தது. அடியொன்றும் இல்லை என்று தெரிவதற்கு இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் கம்சாய் யாரிடமும் சொல்லாமல் வேலைக்கு வந்தாள். வீட்டில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். மத்தியானம் தைலக்குழாயை மூக்கில் வைத்துக் கண்ணை மூடினவள் பத்து மூச்சில் திறக்கவில்லை. நூறு மூச்சானாலும் திறக்கவில்லை. கன்னத்தில் கண்ணீர் இறங்கியது, உதடு நடுங்கியது. "கம்சாய், ஏய் கம்சாய்" என்று சுபின் தோளைப் பிடித்து உலுக்கின பிறகுதான் கண்ணைத் திறந்து, "ஒண்ணுமில்லக்கா, இன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள். சுபின் முகத்தில் ரத்தமே இல்லை. அவளைப் பெற்றவள் தலைசுற்றலில் கிணற்றடியில் விழுந்துதான் செத்துப்போனாள். கம்சாய்க்கும் அது தெரியும். தெரிந்தும் "இன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள்.

ஆடி மாதம் பழம் மலைமலையாக வந்து இறங்கிற்று. பாகு காய்ச்சுகிற பக்கம் ஒரு பெண் வெக்கையில் மயங்கி விழுந்துவிட்டாள். கம்பெனி உடனே எல்லாருக்கும் மருத்துவப் பரிசோதனை என்றது. பட்டியலில் முதல் பெயர் யாருடையது என்று சொல்ல வேண்டுமா? தலைசுற்றல் உறுதியானால் கத்தி பிடிக்கிற வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்றும் பேச்சு. ரத்தம் எடுத்தார்கள், காதுக்குள் பார்த்தார்கள், தலையைப் படம் எடுத்தார்கள். டாக்டர் காகிதத்தைப் புரட்டிவிட்டு, "அம்மா, உங்களுக்கு இருபது வயசுப் பொண்ணோட உடம்பு. யார் சொன்னது தலைசுத்தல்னு?" என்றார்.

அன்றிலிருந்து அவளுக்குத் தலைசுற்றல் சரியாகிவிட்டது. "டாக்டரே சொல்லிட்டார், சுத்தமா போயிடுச்சாம்" என்று எல்லாரிடமும் சொன்னாள். தைலக்குழாயை வீட்டில் வைத்துவிட்டாள். மத்தியானம் கண்ணைத் திறந்தபடியே, தட்டைப் பார்த்துக்கொண்டே ஜெபம் பண்ணினாள். இரண்டு நாளில் அதுவும் மறந்துபோயிற்று. கண்ணை மூடுகிற அந்தப் பத்து மூச்சையும் விட்டுக்கொடுத்தாயிற்று, இனி விட்டுக்கொடுக்க என்ன இருக்கிறது?

சுபின் செய்தியைக் கேட்டதும் கேன்டீன் என்றுகூடப் பார்க்காமல் அழுதுவிட்டாள். அவள் அன்பு அப்படி என்று கம்சாய் நினைத்தாள். வியாழக்கிழமை மத்தியானம்தான் விஷயம் வெளியே வந்தது.

"உதோம் அண்ணன்கிட்ட ஏழு நாள் லீவு கேட்டிருக்கேன்டி" என்றாள் சுபின். "சீசன் முடிஞ்சு வச்சுக்கக் கூடாதான்னு குதிச்சாரு. சாமி காரியம் காத்திருக்காதுன்னு சொல்லிட்டேன்."

"என்ன சாமி காரியம்க்கா?"

"உன் காரியம்தான். சித்திரையில நீ கண்ணே தெறக்காம உக்காந்திருந்தியே, அன்னிக்கு சாயங்காலமே எங்க தெருக்கோயில் புத்தர்கிட்ட போய் விழுந்துட்டேன். இவ தலைசுத்தல் போகட்டும், என் தலைமுடியைத் தர்றேன், ஏழு நாள் வெள்ளை உடுத்திக் கோயில்ல கிடக்கறேன்னு. அஞ்சு மாசம்கூட ஆகல பாரு! ஞாயித்துக்கிழமை காலையில மழிக்கறாங்க. புருவமும் சேத்து. மொழுமொழுன்னு முட்டை மாதிரி வந்து நிக்கப் போறேன், பயந்துடாதே."

கம்சாய் உருட்டின சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். சுபின் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பில் துளி வருத்தம் இல்லை. வீட்டை விற்றாலும் முடியைத் தொடாதே என்றவள் இப்படிச் சிரிக்கிறாளே என்று கம்சாய் நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. ஒரு வார்த்தை போதும், அந்த முடி தப்பித்துவிடும். வெள்ளிக்கிழமை பழம் உரிக்கிற மேசையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றபோது, "அக்கா, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து ஒருத்தி கூடையைக் கொண்டுவந்து கொட்டினாள். கூடை கொட்ட எவ்வளவு நேரம் ஆகும்? நாலு நொடி. கம்சாய் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு பேச்சை விட்டுவிட்டாள். "என்னடி சொல்ல வந்தே?" என்று சுபினே திருப்பிக் கேட்டாள். "அது... வெள்ளைத் துணி இருக்காக்கா உங்ககிட்ட?" என்றாள் கம்சாய். வெட்கங்கெட்டவள்.

சனிக்கிழமை வேலை முடிந்து சுபின் வீட்டுக்கே போனாள். சொல்லிவிடுவது என்று வழி முழுக்க வாய்க்குள் பாடம் பண்ணிக்கொண்டு போனாள். கூடத்தில் வெள்ளைத் துணி இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தது. சுபின் தலைகுளித்து முடியைக் காயவிட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் வாசலில் உட்கார்ந்து, "இன்னிக்குக் கடைசியா ஒரு தரம் பாத்துக்கறேன் கம்சாய். நாளையிலேர்ந்து எனக்குப் பொண்டாட்டி இல்ல, பிக்குதான்" என்று கேலி பண்ணினார். அவர் கண் கலங்கியிருந்தது. சுபின் ஈர முடியை ஒரு கையில் பிடித்தபடியே வந்து கம்சாயின் கையைப் பற்றினாள்.

"முதல் கத்தையை நீதான் வெட்டணும். உனக்காக நேர்ந்தது. உன் கையாலதான் விழணும்."

"சரிக்கா" என்றாள் கம்சாய். அந்த "சரிக்கா" என்ற வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தூக்கம் வராது.

ஞாயிறன்று சபைக்குப் போகவில்லை. பதினோரு வருடத்தில் சபைக்குப் போகாத முதல் ஞாயிறு அது. கோயில் வளாகத்தில் மாமரத்தடியில் சுபினை ஒரு மணையில் உட்கார வைத்திருந்தார்கள். விழுகிற முடியை ஏந்த மடியில் தாமரை இலை. அவள் புருஷன், அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலர், கோயிலில் இருக்கிற வெள்ளுடைச் சன்னியாசினி ஒருவர். சன்னியாசினி கம்சாயின் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தார். முடியைப் பிடித்ததும் எண்ணெய் வாசனை வந்தது. இப்போது சொல், இப்போதாவது சொல் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வெட்டினாள்.

முழ நீளக் கத்தை கையோடு வந்தது. அதைத் தாமரை இலையில் வைக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. அப்படியே மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, எனக்குத் தலைசுத்தலே கிடையாது."

"அதான் போயிடுச்சேடி."

"இல்லக்கா. எப்பவுமே கிடையாது. பொய். நான் கண்ணை மூடறது ஜெபம். சாப்பாட்டுக்கு முன்னாடி பண்றது. நான் கிறிஸ்டியன்."

சுபின் புரியாதவள் மாதிரிப் பார்த்தாள்.

"பதினோரு வருஷமாவா?"

"ஆமாக்கா."

"சித்திரையில அழுதியே?"

"வின்னுக்காக வேண்டிக்கிட்டிருந்தேன்."

"ஞாயித்துக்கிழமை எல்லாம்? நான் உன் இடத்துல நின்னேனே?"

"சர்ச்சுல... பாடிட்டிருந்தேன்."

"பாடிட்டிருந்தே" என்று சுபின் திருப்பிச் சொன்னாள். கொஞ்ச நேரம் தாமரை இலையில் கிடந்த முடியையே பார்த்தாள். "ஏன்டி? எங்க தெருக்கோடி வீட்டுக்காரரும் உங்க ஆளுதான். பண்டிகைக்கு நான் அவருக்கு மூங்கில் குருத்துக் குழம்பு குடுத்தனுப்பறேன், அவர் எனக்குக் கேக் குடுத்தனுப்பறார். நான் என்ன உன்னைக் கடிச்சுத் தின்னுடுவேனா?"

"முதல் நாள் எல்லாரும் சிரிச்சாங்கக்கா. உதோம் அண்ணன் கேட்டதும்..."

"எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிச்சேனா?"

கம்சாய் யோசித்துப் பார்த்தாள். கேன்டீன் முழுக்கச் சிரித்த அந்த நிமிஷம் அவளுக்கு அச்சடித்த மாதிரி ஞாபகம் இருந்தது. யார் யார் பல் தெரிந்தது என்றுகூடச் சொல்வாள். எதிரில் இருந்தவள் சிரிக்கவில்லை. எதிரில் இருந்தவள் சட்டைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தாள். பதினோரு வருடம் அந்தக் கேன்டீனை நினைத்தவள் இதை ஒரு தரம்கூட நினைக்கவில்லை. ஆண்டவரை மறைத்ததற்கு அவ்வப்போது அழுதிருக்கிறாள். இவளையும் சிரித்தவர்களோடு சேர்த்துக் கட்டிவைத்தேனே என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இல்லக்கா" என்றாள்.

சன்னியாசினி சுபினின் தோளில் கை வைத்தார். "இல்லாத நோய்க்கு நேர்ந்தது செல்லாதும்மா. எழுந்து வீட்டுக்குப் போ. ஒரு கத்தைதான் போயிருக்கு, தெரியாது." புருஷன் முகம் மலர்ந்துவிட்டது. "வா, எந்திரி" என்று கையை நீட்டினார்.

சுபின் எழுந்திருக்கவில்லை. "நான் புத்தர்கிட்ட கேட்டது, இவ தலைசுத்தல் போகணும்னு. போயிடுச்சு. எப்படிப் போச்சுன்னு நான் கேக்கல. நான் சொன்ன சொல்லு சொன்னதுதான். இவளை மாதிரி ஒளிச்சு வச்சுக்க எனக்குத் தெரியாது." கம்சாய் பக்கம் திரும்பாமலே, "மீதியையும் வெட்டு" என்றாள்.

கம்சாய் வெட்டினாள். கண்ணீரில் கத்தரிக்கோல் தெரியவில்லை, இரண்டு தரம் சன்னியாசினி கையைப் பிடித்து வழிகாட்ட வேண்டியிருந்தது. அப்புறம் சவரக்கத்தி வந்தது. புருவம் போனதும் சுபின் முகம் வேறு யாரோ மாதிரி ஆகிவிட்டது. வெள்ளை உடுத்திக்கொண்டு உள்ளே போனாள், திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு சபையில் கம்சாய் தானாகவே எழுந்து நின்றாள். தைலக்குழாயிலிருந்து தாமரை இலை வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஆராதனை முடிந்ததும் செருப்பு விடுகிற இடத்தில் மூன்று பேர் தனித்தனியாக வந்து காதோடு காதாகப் பேசினார்கள். ஒருத்தர் ஆபீஸில் ஷூ கயிறு கட்டுகிற மாதிரிக் குனிந்து ஜெபிக்கிறாராம். பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருத்தி புருவத்தைச் சொறிகிற மாதிரி. இன்னொருத்தர் போனைப் பார்க்கிற மாதிரி. "நீங்க மட்டும் இல்ல சிஸ்டர்" என்றார்கள். ஆறுதலுக்குத்தான் சொன்னார்கள். அவளுக்கு அது ஒட்டவில்லை. அவர்கள் ஷூ கயிற்றுக்காக யாரும் தலையை மழித்துக்கொள்ளவில்லையே.

திங்கட்கிழமை சுபின் வேலைக்கு வந்தாள். தலைவலை நெற்றியில் வழுக்கி வழுக்கி இறங்கிற்று. கேன்டீனில் எல்லாரும் மொய்த்துக்கொண்டார்கள். "இனி ஒரு வலை மிச்சம், கம்பெனி பொழச்சுது" என்றார் உதோம். "இப்ப நீங்கதாண்ணே என்னைவிடப் பணக்காரர்" என்றாள் சுபின். சிரிப்பு. "என்ன வேண்டுதல்க்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வேண்டியவ ஒருத்திக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சு. சரியாயிடுச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். பெயரைச் சொல்லவில்லை. வழக்கமான இடத்தில், கம்சாய்க்கு எதிரில்தான் வந்து உட்கார்ந்தாள். ஆனால் கம்சாயிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தன்னை இவ்வளவுக்குப் பிறகும் மறைத்துக் காப்பாற்றுகிறாள் என்று கம்சாய்க்குப் புரிந்தது. இப்படியே விட்டுவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. இன்னொரு பதினோரு வருடம் ஓட்டிவிடலாம். அந்த நினைப்பு வந்ததே, அதுதான் அவளை உலுக்கிவிட்டது. சோப்பு டப்பாவிலிருந்து எடுத்து மாட்டியிருந்த சங்கிலியைச் சட்டைக்கு வெளியே எடுத்துவிட்டாள். கைகூப்பிக் கண்ணை மூடினாள். மூக்கில் குழாய் இல்லை.

"என்ன தங்கச்சி, மறுபடியும் சுத்துதா?" உதோமின் குரல். இந்தத் தடவை அதில் கேலி இல்லை, நிஜமான கவலை. "டாக்டரைக் கூப்பிடவா?"

கம்சாய் கண்ணைத் திறந்தாள். "இல்லண்ணே. ஜெபம் பண்றேன். நான் கிறிஸ்டியன். தலைசுத்தல்னு சொன்னதெல்லாம் பொய். நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு, சோத்துக்குக் கும்பிடு போடுறியான்னு கேட்டு நீங்க சிரிச்சீங்க. பயந்துட்டேன்."

"நானா?" உதோம் முகத்தைச் சுளித்து யோசித்தார். "நான் எப்போ சிரிச்சேன்? எனக்கு ஞாபகமே இல்லையே."

யாரும் சிரிக்கவில்லை. அவர் கண் மெதுவாகச் சுபினின் தலைக்குப் போயிற்று. "அப்ப அந்த முடி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவர் நிறுத்திக்கொண்டாலும் கேன்டீனில் இருந்த அத்தனை பேரும் மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு ஒருவர் பின் ஒருவராகக் கம்சாயைப் பார்த்தார்கள். பதினோரு வருடம் அவள் பயந்தது ஒரு சிரிப்புக்கு. அன்றைக்கு யாராவது சிரித்திருந்தால் அவளுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் மறுபடி கண்ணை மூடினாள். எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. பாடமான ஜெபம்தான், ஒரு வார்த்தைகூட வரவில்லை. மன்னியும் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் அப்படியே இருந்தாள். கண்ணைத் திறந்தபோது சுபின் தன் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஆச்சா?" என்றாள்.

"ஆச்சுக்கா."

"சாப்பிடு. ஆறிடும்."

அதற்கு மேல் அன்றைக்குப் பேசவில்லை. மறுநாளும் சுபின் அதே மாதிரிச் சாப்பிடாமல் காத்திருந்தாள், அதற்கு மறுநாளும். பழைய மாதிரி அவள் வாய் ஓயாமல் பேச ஆறு மாதம் ஆயிற்று. முடி தோள்வரைக்கும் வளர இரண்டரை வருடம் ஆயிற்று. அத்தனை நாளும் மத்தியானம் பதினொன்றரைக்கு, அந்தத் தலைக்கு நேர் எதிரில் உட்கார்ந்துதான் கம்சாய் கண்ணை மூடினாள்.